மூச்சுவாங்கி மேட்டில் ஒரு பெயர்க்கல்

ஊருக்கு ஊர் வண்டித்தடம்கூட ஒழுங்காக இல்லாத அந்தக் காலத்திலே, சுரபுன்னை நாட்டைச் செண்டலங்காரன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் பல்லக்கின் கொம்பு முறிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ராஜா நடந்தே அரண்மனைக்கு வந்தார். வந்ததும் பசியோ பசி. எப்போதும் இலையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறவர், கத்தரிக்காய்க் குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவியதும் சபையைக் கூட்டினார்.

"நடந்தால் பசிக்கிறது. பசித்தால் கத்தரிக்காய்கூட ருசிக்கிறது. இந்தச் சுகம் என் குடிமக்கள் எல்லோருக்கும் வேண்டும். மலையிலிருந்து கடல்வரைக்கும் ஒரு நடைவழி போடுங்கள். வண்டி கூடாது, குதிரை கூடாது. யார் வேண்டுமானாலும் நடக்கலாம்."

மந்திரி அம்பலவாணருக்கு உள்ளம் குளிர்ந்தது. அவருக்கு நடப்பதென்றால் உயிர். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பிரதானி உத்தண்டராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். மந்திரி ஆசனத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஆசாமி இவர்.

"பிரமாதமான யோசனை, மகாராஜா. ஆனால் நிலத்தைப் பிடுங்கிப் பாதை போட்டார் ராஜா என்று நாளைக்கு எவனும் பேசக் கூடாது. அவரவராக மனமுவந்து தரவேண்டும். மந்திரியாருக்கு அது முடியாதென்றால் பதவியை விட்டு இறங்கட்டும்."

"நியாயம்தானே," என்றார் ராஜா. "சித்ரா பௌர்ணமியன்று நான் நடப்பேன். வழியில் எனக்குக் கோபம் வந்தால், அம்பலவாணரே, உமது பதவி ராயருக்கு."

ராயர் மந்திரியானால் ஊர்க்குளத்துக்கே பூட்டுப் போட்டுவிடுவார் என்று அம்பலவாணருக்குத் தெரியும்.

மறுநாளே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஊர் ஊராகப் போய், "பாதைக்கு நிலம் தருகிறவர் பெயரைக் கல்லில் வெட்டி, பக்கத்தில் உட்கார ஒரு மேடையும் கட்டித் தருகிறேன்," என்றார். பெயர் கல்லில் ஏறுகிறது என்றால் நம் ஜனங்களைக் கேட்கவேண்டுமா? ஒருவர் வரப்பைத் தந்தார், ஒருவர் களத்துமேட்டைத் தந்தார். மாமியாரும் மருமகளும் பெயர் யாருடையது என்று சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்கொரு கல் வாங்கிக்கொண்டார்கள்.

பாதை வளர்ந்து வளர்ந்து ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எதிரே உத்தண்டராயரின் மாந்தோப்பு. சமதரை, குளுகுளு நிழல். அதை விட்டால் பக்கத்தில் இருக்கிற பாறைமேட்டில் ஏறித்தான் இறங்கவேண்டும்.

"என் தோப்பில் கண்டவன் காலெல்லாம் படவா? ஒரு சாண் தரமாட்டேன்," என்றார் ராயர். அதோடு விட்டாரா? நேரே சபைக்குப் போய், "குப்பனுக்கும் சுப்பனுக்கும் பெயர்க்கல் இருக்கிறது, பிரதானிக்கு இல்லையா? மற்ற எல்லாக் கல்லையும்விட உயரமாக எனக்கு ஒன்று வேண்டும்," என்று ராஜாவிடம் முறையிட்டார்.

"கொடுத்துத் தொலையுமே, அம்பலவாணரே," என்றார் ராஜா.

"உத்தரவு. கல்லை எங்கே நடுவது, ராயரே?"

"நடந்து வருகிறவன் எவனானாலும் நின்றுதான் ஆகவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில்."

"அப்படி ஓர் இடம் இருக்கிறது," என்றார் மந்திரி, வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

பாறைமேட்டின் உச்சியில், இரண்டாள் உயரத்தில் கல் எழுந்தது. தோப்புக் கதவு பூட்டியே கிடந்ததால், பாதையும் அந்த மேட்டில்தான் ஏறியது. வெள்ளோட்டமாக ஜனங்கள் நடக்கத் தொடங்கினார்கள். தம் பெயரை எப்படிப் புகழ்கிறார்கள் என்று கேட்க ஆசைப்பட்டு, ராயர் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

முதலில் ஒரு வளையல்காரர் வந்தார். ஏறிய ஏற்றத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. "யாருங்க இந்த உத்தண்டராயரு?"

கூட வந்த உள்ளூர்க்காரி சொன்னாள்: "அந்தா கீழ தெரியுதே தோப்பு, அதுக்குச் சொந்தக்காரரு. அவரு கதவத் தெறக்காததாலதான் நாம இப்பிடி மூச்சு வாங்குறோம்."

"நல்லா இருப்பாரு," என்று வளையல்காரர் பல்லைக் கடித்தார். அடுத்து வந்தவர்கள் பல்லைக்கூடக் கடிக்கவில்லை, வாய்விட்டே திட்டினார்கள். அவர்கள் சொன்னதை இங்கே எழுதினால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

ராயர் முகம் கறுத்துப்போயிற்று. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பௌர்ணமியன்று ராஜாவும் இங்கேதான் ஏறுவார். இங்கேதான் நின்று மூச்சு வாங்குவார். கோபம் வருகிற நேரத்தில் கண்ணெதிரே நிற்கப் போவது யாருடைய பெயர்?

விழுந்தடித்துக்கொண்டு மந்திரி வீட்டுக்கு ஓடினார். "மந்திரியாரே, கல்லைப் பிடுங்கிவிடுங்கள்."

"ராஜா உத்தரவில் நட்ட கல் ஆயிற்றே. கல்லை நகர்த்த எனக்கு அதிகாரம் இல்லை. பாதையை வேண்டுமானால் நகர்த்தலாம்."

அன்று மாலையே தோப்புக் கதவு திறந்தது.

சித்ரா பௌர்ணமியன்று ராஜா பாட்டுப் பாடிக்கொண்டே நடந்து வந்தார். தோப்பில் உட்கார்ந்து பழம் சாப்பிட்டார். "பாதையிலேயே இந்த இடம்தான் சொர்க்கம். சரி, ராயரே, உமது கல் எங்கே?"

ராயர் தரையைப் பார்த்தார். மந்திரி மேட்டைக் காட்டினார்.

பிடித்தால் விடுகிற ராஜாவா? விறுவிறுவென்று மேட்டில் ஏறினார். உச்சியில் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், எழுத்தைப் படித்தார், கீழே தோப்பைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கோபம் வரவில்லை, அம்பலவாணரே. உமது பதவி உமக்கே," என்று தம் பொன்னாடையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். ராயரைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் முழுக்கத் தோப்பு வாசலில் நீரே நின்று வருகிறவர்களுக்கு மோர் கொடும்," என்றார்.

முதல் வாரம் ராயர் தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் மோர் ஊற்றினார். பிறகு முக்காடு நழுவியது. ஆடி மாதத்தில் ஒருநாள் அம்பலவாணர் அந்த வழியாக நடந்து வந்தபோது, வெகுதூரம் நடந்து களைத்த ஒரு கிழவர் மோரைக் குடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மவராசனா இரு. ஒம் பேரு என்னப்பா?"

"பேரு கெடக்குது, பெரியவரே. இன்னொரு செம்பு குடிங்க," என்றார் ராயர்.

மந்திரியும் வரிசையில் போய் நின்றுகொண்டார்.