அடுத்த வருஷம் எது ஓடும்?

"அடுத்த வருஷம் எது ஓடும், அம்மணி?"

கேட்டவள் பூங்கோதை. வயசு ஐம்பத்து மூணு. திருப்பூரில் பெண்களுக்கு டாப்ஸ் தைக்கும் ஒரு கம்பெனியில், வரப்போகிற மோஸ்தரை முன்கூட்டிச் சொல்வதுதான் இருபத்தாறு வருஷமாக அவள் வேலை. என்ன நிறம், என்ன கழுத்து, எத்தனை நீளம். அவள் சொல்வாள், அவர்கள் தைப்பார்கள்.

கேள்வியை வாங்கிக்கொண்டவள் நவமணி. முப்பதுகூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிப்படிக்கு அடியில் ஒரு மெஷின் போட்டிருக்கிறாள். புதுசு எதுவும் தைப்பதில்லை. கடையில் வாங்கினதைப் பிரித்து, பிடித்து, வெட்டிக் கொடுப்பாள். சுடிதாருக்குப் பாக்கெட் வரும் என்று ஊரில் முதலில் சொன்னவள் இவள்தான் என்று கட்டிங் மாஸ்டர்கள் பேசிக்கொண்டார்கள். குருமார் இப்படித்தான் உண்டாகிறார்கள், என்னத்தைச் சொல்ல.

நவமணி நூலைப் பல்லால் கடித்தாள்.

"உக்காருங்க்கா. இந்தத் தையலைப் பிரிங்க."

"நான் கேட்டதுக்கு..."

"பிரிங்க."

பூங்கோதை பிரித்தாள். வேறு வழி? போன வருஷம் கரும்பச்சை என்றாள். ஊரே வெள்ளையில் திரிந்தது. அதற்கு முந்தின வருஷம் நீளம் என்றாள். எல்லாரும் குட்டையாக்கிக்கொண்டார்கள். இன்னொரு தடவை தப்பினால் வீட்டோடு இருந்துக்கங்க என்று முதலாளி சொல்லிவிட்டார். சனிக்கிழமை போன் பண்ணுவார். அன்றைக்கு வியாழன்.

ஒரு காலேஜ் பெண் வந்தாள்.

"கழுத்து ரொம்ப எறக்கமுங்க. குனிஞ்சு எழுத முடியல. ஏத்திக் குடுங்க."

பூங்கோதை சட்டென்று நோட்டை எடுத்தாள்.

"அப்ப ஏத்தமான கழுத்துதான் வரும்ங்கறே?"

"அந்தப் புள்ளைக்கு வேணும்."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்க இன்னும் வரலீங்களே."

அடுத்து ஒரு நர்ஸ் வந்தாள். வேர்த்துக் கொட்டுது, கழுத்தை இறக்கிக் கொடு என்றாள். பூங்கோதை எழுதினதை அடித்தாள். பிறகு அடித்ததையும் அடித்தாள். சாயங்காலம் நோட்டைப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் நானூறு படம். மும்பைக்காரி, கொரியாக்காரி, கல்யாண வரவேற்பில் நின்றவள், ஏர்போர்ட்டில் நடந்தவள்.

நவமணி ஒன்று விடாமல் பார்த்தாள். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது.

"நல்லா இருக்குதுங்க்கா. இதுல உங்களுக்கு எது புடிச்சுது?"

"இதெல்லாமே ஓடும்னு தோணுது."

"புடிச்சதைக் கேட்டேனுங்க."

பூங்கோதை போனை வாங்கி நானூறையும் மறுபடி தள்ளிப் பார்த்தாள். இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கொஞ்சம் அழவும் செய்தாள்.

சனிக்கிழமை காலையில் செல்லாத்தா வந்தாள். பக்கத்துத் தெருவில் இட்லி மாவு விற்கிறவள். அவள் பையிலிருந்து எடுத்த டாப்ஸைப் பார்த்ததும் பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது பூங்கோதையே சொல்லி, கம்பெனி தைத்த மாடல். தோளில் ஒட்டி, மணிக்கட்டில் குடை மாதிரி விரியும் கை.

"இந்தக் கையை வெட்டி வுடு கண்ணு" என்றாள் செல்லாத்தா.

"ஏனுங்க, நல்ல ஃபேஷன் ஆச்சுங்களே?" என்றாள் பூங்கோதை.

"ஆரு இல்லீன்னா? கண்ணாலத்துக்குப் போட்டா ராணியாட்டத்தான் இருக்குது. மாவு அள்ளுனா கை முச்சூடும் மாவு. மூணு வாட்டி தொவச்சேன். அப்பறம் பரண்ல தூக்கிப் போட்டுட்டேன்."

அந்த மாடல் ஒரு மாசம் பறந்தது. அப்புறம் பொட்டென்று நின்றுபோனது. ஏன் நின்றது என்று பூங்கோதை யார் யாரையோ கேட்டிருக்கிறாள். மும்பைக்குக்கூடப் போய் வந்தாள்.

நவமணி கத்தரிக்கோலை நீட்டினாள்.

"நீங்களே வெட்டுங்க்கா."

பூங்கோதைக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் வாங்கினாள். குனிந்தாள். அவள் போட்டிருந்த டாப்ஸின் கை சரிந்து வந்து கத்தரிக்கோலை மூடிக்கொண்டது. அவள் அதை முழங்கை வரை மடித்து, வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் குத்திக்கொண்டாள். மறுபடியும் குனிந்தாள்.

நவமணி அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதும் அதே டாப்ஸுங்களா?"

"அதேதான். நான் சொன்னதை நானே போடாட்டி எப்படி?"

"எப்ப இருந்து மடிச்சுக் குத்தறீங்க?"

"வாங்குன அன்னைக்கு..."

சொல்லும்போதே அவள் பார்வை தன் கையிலிருந்த ஊக்கில் விழுந்தது. செல்லாத்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பூங்கோதை ஊக்கை எடுத்தாள். மாவுக்காரியின் டாப்ஸை ஓரமாக வைத்துவிட்டு, தன் கையை நவமணியிடம் நீட்டினாள். நவமணி டாப்ஸின் கையை முழங்கையோடு வெட்டினாள்.

போன் அடித்தது. முதலாளிதான்.

"சொல்லுங்க. என்ன வருது?"

"முழங்கையோட நிக்கிற கைங்க."

"எங்க பாத்தீங்க? மும்பையிலயா?"

"நான் போட்டிருக்கறதுலீங்க."

"ஓடுமா?"

இருபத்தாறு வருஷமாக இந்தக் கேள்விக்கு ஓடுமுங்க என்பதைத் தவிர அவள் வேறு பதில் சொன்னதில்லை.

"தெரியலீங்க."

"தெரியலைன்னா? அப்பறம் எதை நம்பித் தைக்கறது?"

"போடறவங்களையே கேளுங்க" என்று பூங்கோதை போனைச் செல்லாத்தாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு கையை நீட்டினாள்.

செல்லாத்தா போனைக் காதில் வைத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏனுங்க, உங்க ஊட்டுல மாவு அள்ளறது ஆருங்க?"