நடுங்கும் கோடு

"உங்க மெஷினுக்கு என் பொண்டாட்டி முகம் தெரியலை" என்றார் நல்லபெருமாள். டேப்லெட்டை அவர் மேஜைமேல் போட்ட வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

ஜெயசீலி டீச்சர் முதலில் தண்ணீரைத் துடைத்தார்.

பாளையங்கோட்டையில் வயதானவர்களுக்கான குடியிருப்பு அது. டீச்சருக்கு எழுபத்தொன்பது வயது. எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் டேப்லெட்டில் படம் வரையக் கற்றுக்கொண்டார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

நல்லபெருமாள் சர்வேயராக இருந்தவர். முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்து கோடு போட்ட கை. நான்கு வருஷமாக அது நடுங்குகிறது.

"மெஷின் என்ன பண்ணிச்சு?" என்று கேட்டார் டீச்சர்.

"பகவதியை வரைஞ்சு போன்ல எங்க குடும்ப குரூப்பில போட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க. மகன் 'சூப்பர்ப்பா'ங்கான். அவகிட்ட காட்டினா, கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாத்துட்டு, 'யாரு இந்தப் பிள்ளை'ன்னு கேக்கா. நாப்பத்தெட்டு வருஷம் கூட இருக்கிறவ!"

டீச்சர் பார்த்தார். வழவழவென்று ஒரு முகம். சோப்பு விளம்பரத்துக்கு அனுப்பலாம்.

திரையின் ஓரத்தில் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இப்ப ஒரு கோடு போடுங்க."

போட்டார். புழு நெளிந்த மாதிரி வந்தது.

நல்லபெருமாளின் முகம் கறுத்தது. "என்ன பண்ணீங்க?"

"உங்க கோட்டை அது நேராக்கிக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. நிறுத்திட்டேன்."

"அப்ப இத்தனை நாள் நான் போட்டது?"

"பாதி நீங்க. பாதி அது."

டேப்லெட் பேனா பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது.

"கைதட்டினதெல்லாம் மெஷினுக்கா? மனசு லேசாகும்னுதானே இங்க கூப்பிட்டீங்க? என் கை லட்சணத்தை எனக்கே காட்டவா?"

வகுப்பிலிருந்த மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். டீச்சர் எழுந்து போய்ப் பேனாவை எடுத்தார். முனை உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். நல்லபெருமாள் முன்னால் வைத்தார்.

"திரும்ப நேராக்கணும்னா இந்த இடத்துல தொடணும். அவ்வளவுதான்."

நல்லபெருமாள் டேப்லெட்டையும் பேனாவையும் அள்ளிக்கொண்டு வெளியேறினார்.

இரண்டு செவ்வாய் அவர் வரவில்லை.

அவர்கள் அறையில் தினமும் சண்டை நடந்தது. பகவதியை எதிரில் உட்கார வைப்பார். வரைவார். அழிப்பார். கத்துவார்.

"அசையாம இரு!"

"ஆடுறது நானா, உங்க கையா?"

ஆத்திரத்தில் அந்த இடத்தைத் தொடுவார். மூக்கு நேராகும். அது பகவதி மூக்கு இல்லை. திட்டிக்கொண்டே மறுபடி நிறுத்துவார்.

பன்னிரண்டாம் நாள் கண்ணுக்குக் கீழே வரையும்போது கை வெட்டி இழுத்தது. அழிக்கப் போனவர், நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

அந்தக் கோடு அவள் முகத்தில் இருந்தது.

அழிக்காமல் அடுத்த கோட்டைப் போட்டார். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் செவ்வாய் இருவருமே வகுப்புக்கு வந்தார்கள். முன்னால் வந்தது பகவதி.

"டீச்சர், இதைப் பாருங்க. கண்ணுக்குக் கீழ வண்டி போன தடம் மாதிரி வரைஞ்சு வச்சிருக்காரு! இதைக் குரூப்பில வேற போட்டிருக்காரு. ஒருத்தர்கூட கைதட்டலை. மகன் மட்டும் பதறிப்போய் போன் பண்றான், 'ஏம்மா, நீ சரியா தூங்குறதில்லையா'ன்னு. நாங்க இங்க வந்த மூணு வருஷத்துல அவன் இதைக் கேட்டதே இல்லை."

"படம் உங்களை மாதிரி இல்லையா?"

"அச்சு அசல் நான்தான். அதான் எரியுது!"

நல்லபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பகவதிக்கு அது இன்னும் பற்றிக்கொண்டது.

"சிரிக்கீங்களா? உங்க மூஞ்சி மட்டும் என்ன ஒழுங்காவா இருக்கு? அந்தக் காதைப் பாருங்க, அந்த மோவாயைப் பாருங்க!"

டீச்சர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"எனக்கு ஒரு பேனா குடுங்க."