மாசம் முன்னாடி

அமெரிக்காவில் மகன் வீட்டிலிருந்து ஏப்ரல் கடைசியில் திரும்பிய தாசில்தார் வைகுந்தநாதன், "அங்கெல்லாம் அப்படித்தான். இனிமே கோப்பு அட்டையில மாசம் முன்னாடி, நாள் பின்னாடி" என்று உத்தரவு போட்டார். பழைய அட்டைகளை மாற்றவும் விடவில்லை. குழப்பம் வரும் என்றாள் ரெக்கார்டு ரூம் உதவியாளர் செங்கமலம்.

"நீ தூசு தட்டினா போதும்."

செப்டம்பரில் கலெக்டர் வந்து, ஏப்ரல் ஐந்தாம் தேதி போட்ட ஏரி ஆக்கிரமிப்புக் கோப்பைக் கேட்டார். '5-4' என்ற அட்டையைத் தாசில்தாரே எடுத்துப் பெருமையாகப் பிரித்தார். உள்ளே மே நாலாம் தேதி அவருக்குப் பொன்னாடை போர்த்திய படங்கள்!

"எல்லாம் இவ திமிரு சார். இப்பவே சஸ்பெண்ட் பண்றேன்!"

செங்கமலம் பதறாமல் ஒரு பதிவேட்டைக் கலெக்டரிடம் நீட்டினாள்.

"இது தாசில்தார் ஐயாவோட பணிப்பதிவேடுங்க. பிறந்த தேதி 4-11. மாசம் முன்னாடின்னா ஏப்ரல் பதினொண்ணு. ஐயாவுக்கு அறுபது முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு. ரிட்டயர் ஆனவர் என்னை எப்படிங்க சஸ்பெண்ட் பண்ணுவார்?"

"அது நவம்பர் நாலு!" என்று அலறினார் வைகுந்தநாதன்.

"அப்ப நாள்தான் முன்னாடிங்களா?"

கலெக்டர் சிரித்துவிட்டு உத்தரவைத் திருத்தினார். அந்த வாரம் முழுக்க வைகுந்தநாதன் தும்மிக்கொண்டே அட்டை அட்டையாக வருஷம், மாசத்தின் பெயர், நாள் என்று ஒரே மாதிரி எழுதினார். தூசு தட்டும் துணியைச் செங்கமலம்தான் எடுத்துக் கொடுத்தாள்.