அஞ்சலத்தின் அப்பளக் கடை

பொன்மலைப்பட்டியில் இட்லி மாவு அரைத்து விற்கும் செலஸ்டினுக்கு ஒரு பழக்கம். யாராவது இங்கிலீஷ் கலந்து பேசினால், புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவாள். திருப்பிக் கேட்டால் கௌரவம் போய்விடுமாம்!

வரி ஆலோசகர் என்று டை கட்டிக்கொண்டு வந்த கோதண்டபாணிக்கு அது போதாதா? லேப்டாப்பைத் திறந்து, ரிட்டர்ன், கிரெடிட், மிஸ்மேட்ச் என்று அடுக்கினார். "உங்க கடை மேல ரெண்டு நோட்டீஸ் நிக்குது மேடம். இப்பவே என் ஃபீஸைக் கட்டிட்டு, போனுக்கு வர்ற ஓடிபியைச் சொல்லுங்க. இல்லேன்னா கடைக்குப் பூட்டுதான்."

எந்த நோட்டீஸ், எப்போது வந்தது, செலஸ்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டிக்கொண்டே போனைத் தேடினாள்.

அங்கே கிரைண்டர் கழுவும் அஞ்சலம் ஈரக் கையோடு வந்து நின்றாள். "சார், அப்படியே என் கடையையும் பாருங்களேன். அஞ்சலம் அப்பளக் கடை."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கெல்லாம் கடையா?" என்றபடி லேப்டாப்பில் நாலு தட்டு தட்டினார். "ஐயையோ! உனக்கு மூணு நோட்டீஸ்மா. ஃபீஸ் கூட ஆகும்."

"உனக்கு ஏதுடி கடை?" என்றாள் செலஸ்டின், இன்னும் குழம்பி.

"அதான்க்கா எனக்கும் தெரியலை."

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு" என்று கோதண்டபாணி லேப்டாப்பை மூடி எழுந்தார். செலஸ்டின் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அஞ்சலம் வாசலை மறித்தாள். "கடை எந்தத் தெருவுலன்னு சொல்லிட்டுப் போங்க சார். நாளையிலேர்ந்து கல்லாவுல போய் உக்காந்துக்கறேன்."