ஒற்றை ஓட்டு

இந்தக் கதையைக் கேட்பவர் கடைசியில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ‘நமக்கெதற்கு ஊர் வம்பு’ என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறவர் இப்போதே போகலாம்.

நெட்டூரணிக்கு ஒரு காலத்தில் காலையும் மாலையும் பஸ் வந்தது. ஆட்சி மாறியது, நட்டம் என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். மறுபடி ஆட்சி மாறியது. அது போன ஆட்சி செய்த வேலை, பரிசீலிக்கிறோம் என்றார்கள். மூன்றாம் முறை மாறியபோது ஊரார் கொடுத்த மனுவையே காணோம் என்று கையை விரித்தார்கள். வேட்டிக் கரையின் நிறம் மாறியதே ஒழிய, சனங்கள் டவுனுக்குப் பதினொரு கிலோமீட்டர் நடப்பது மாறவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணை மணல் லாரியில் ஏற்றிப் போன ஊர் அது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அதே ரோட்டில் எத்தனை கார்!

இந்தத் தேர்தலில் ஊருக்குப் பொறுமை போய்விட்டது. ஊர்த் தலைவர் காத்தமுத்து மைக்கில் கூப்பிட்டார். “வீட்டுக்கு ஒரு ஆம்பளை கோயிலுக்கு வந்து சேரணும்.” கறுப்பர் சன்னதியில் ஒவ்வொருவராகச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பஸ் வரும்வரை ஓட்டு இல்லை. ஒரு ஓட்டுக்கூட விழாத மெஷினை அதிகாரிகள் திரும்பத் தூக்கிப் போக வேண்டும்; அப்போதுதான் மேலே உறைக்கும்.

இருளாயியை யாரும் கூப்பிடவில்லை. ஆடு வளர்த்துப் பிழைக்கிறவள். புருஷன் போய் ஐந்து வருஷம், பிள்ளை குட்டி இல்லை. ஆம்பளை இல்லாத வீடு நெட்டூரணியில் வீடு என்று எண்ணப்படுவதில்லை. பொதுக்கிடா வெட்டினால் கறிப்பங்கு வராது. கூட்டத்துக்கு அழைப்பும் வராது. அந்த எரிச்சல் அவளுக்குப் பழகிப்போனது. பழகாதது ஒன்று உண்டு. புருஷன் செத்ததும் வாக்காளர் பட்டியலில் அவன் பேரோடு அவள் பேரையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ‘நான் உசுரோடதான் இருக்கேன்’ என்று சொல்ல டவுனிலுள்ள தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்தாள். எதிரே நிற்கிறவளை உயிரோடு இருப்பவள் என்று நம்பிப் பேரைத் திரும்ப ஏற்ற அவர்களுக்கு நாலு தடவை தேவைப்பட்டது. எழுதி ஒட்டவா முடியும் நெற்றியில்?

தேர்தல் அன்று பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு இருளாயி ஆடுகளைக் கருவேல நிழலில் மடக்கிவிட்டு, நேர் வாசல் வழியாகப் போனாள். விரலில் மை வைத்துக்கொண்டு, ஓட்டைப் போட்டுவிட்டு, அதே வாசல் வழியாக வந்தாள். பயப்படவும் இல்லை, ஒளியவும் இல்லை.

வெளியே இரண்டு கட்சிக்காரர்களும் நின்றிருந்தார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். “ஒத்த ஓட்டுத்தானே? எண்ணுற அன்னைக்கு அது யாருக்கு விழுந்துச்சுன்னு தெரிஞ்சுபோகும். அப்புறம் வச்சுக்கிறோம்.”

அது இருளாயிக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஆடுகளை ஓட்டிப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு எதிரேயே உட்கார்ந்துவிட்டாள்.

மோட்டார் ரிப்பேர் பார்க்கும் சேதுராசு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். சூடம் அணைத்தவர்களில் அவனும் ஒருவன். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விறுவிறுவென்று உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான்.

“ஏன் தம்பி, நீ சத்தியம் செஞ்சவனாச்சே?” என்றாள் இருளாயி.

“செஞ்சவன்தான் மதினி. ஒத்தையா கிடந்தா ஒங்க ஓட்டு அம்மணமாக் கிடக்கும். இனி எது யாரு ஓட்டுன்னு முழிக்கட்டும்.” தான் எதை அழுத்தினான் என்று பெண்டாட்டியிடம்கூட அவன் சொல்லவில்லை.

மறுநாள் பேப்பரில் வந்தது: ‘நெட்டூரணியில் அமைதியாக வாக்குப்பதிவு.’ அநியாயத்தைப் பாருங்கள்! பஸ்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊர் வயிறெரிந்து கோயில் முன்னால் கூடியது. இந்தத் தடவை இருளாயிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

சேதுராசு முந்திக்கொண்டான். “சத்தியத்த மீறுனது நெசம். என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கிறேன்.” ஒரு வருஷம் ஊர் மோட்டாரைக் கூலியில்லாமல் பார்க்க வேண்டும் என்றார்கள், சரி என்று தலையாட்டினான்.

காத்தமுத்து இருளாயி பக்கம் திரும்பினார். “நான் வாக்கக் காப்பாத்துனேன். ஒன்னாலதான் ஊரு தோத்துச்சு. சபையில விழுந்து மன்னிப்புக் கேளு. இல்லாட்டி ஒன் ஆடு ஊர்க் கம்மாயில வாய் வைக்கக் கூடாது.”

சித்திரை வெயில். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் உள்ள கண்மாய் அது ஒன்றுதான். இருபத்திரண்டு ஆடுகள் அவளுக்கு; அவள் சோறே அவைதான். இருளாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“பஸ் எனக்கும் வேணும் மாமா. ஆனா நான் விழ மாட்டேன்” என்றாள்.

இப்போது சொல்லுங்கள். வாக்கைக் காத்த காத்தமுத்து, வாக்கை மீறிய சேதுராசு, ஊரின் பலத்தை உடைத்த இருளாயி: இந்த மூவரில் குற்றவாளி யார்?

விடை: சேதுராசு சத்தியத்தை உடைத்தான்; ஒத்துக்கொண்டான்; தண்டனையும் ஏற்றான். அவன் விஷயம் அதோடு முடிந்தது. இருளாயியால் ஊர் தோற்றது உண்மைதான். ஆனால் கொடுக்காத வாக்கை ஒருத்தி எப்படி மீறுவாள்? சத்தியம் வாங்கும்போது அவளை ஓர் ஆளாக எண்ணாத காத்தமுத்து, தண்டிக்க மட்டும் ஊர்க்காரியாக்கிக்கொண்டார். பட்டியலில் பேரை அடித்த அதிகாரிக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? ‘தாயி, நீயும் வா’ என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே முன்னால் வந்து சூடம் அணைத்திருப்பாள், ஊரும் ஜெயித்திருக்கும். குற்றவாளி காத்தமுத்து. அவர் பேச்சுக்குத் தலையாட்டிய சபையும்தான். அங்கே யாராவது விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது என்றால், உட்கார்ந்திருந்தவர்கள்தான் எழுந்திருக்க வேண்டும்.