ஜெபசிங் என்று இருக்கும் இடத்திலெல்லாம்

"இந்த டெம்ப்ளேட்ல என் பேரை எங்க போடணும், மேடம்?" என்று கேட்டார் ஜெபசிங்.

"எங்க வேணும்னாலும் போடுங்க, அண்ணாச்சி" என்றார் செண்பகவல்லி.

கேட்டவருக்கு வயது நாற்பத்தேழு. பதில் சொன்னவருக்கு முப்பத்தொன்று. குரு இளையவராக இருந்தால் சீடருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஜெபசிங் அந்தக் கூச்சத்தைப் பாளையங்கோட்டை பஸ் நிலையத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, டயர் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்குப் படியேறி வந்திருந்தார்.

முன்பு வேலை பார்த்த பெரிய கம்பெனியில் அவர் எழுதிய கணினி நிரல்கள் ஏராளம். எல்லாம் கம்பெனி பெயரில். ஆட்குறைப்பில் அவரை அனுப்பிய அன்றைக்குச் சாயங்காலமே அவருடைய கணினிக் கணக்கை மூடிவிட்டார்கள். தான் அங்கே இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை என்பதுதான் அவருக்கு வலித்தது. சம்பளம் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

செண்பகவல்லி அவருக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்.

"ஒரு டெம்ப்ளேட் செய்யுங்க. இங்க யாராவது ஒருத்தர் அதை வச்சு நிஜ வேலையைத் தொடங்கணும். அந்த வேலை வாடிக்கையாளர்கிட்ட போய் நிக்கணும். மாசக் கடைசிக்குள்ள நடந்தா நீங்க இங்க இருக்கலாம்."

"நடக்கலன்னா?"

"உங்க மச்சான் டைல்ஸ் கடைக்கு ஆள் தேடுதாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டெம்ப்ளேட் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எந்தப் புது மென்பொருளைத் தொடங்கினாலும் அதே ஃபோல்டர்கள், அதே கோப்புகள் வேண்டியிருக்கும். அவற்றை ஒரு பொட்டலமாகக் கட்டிவைத்துவிடுவார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பொட்டலம் கணினியில் இறங்கிவிடும். இன்னொரு வரியில் ஒரு பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் புது ப்ராஜெக்ட் பிறக்கும்.

ஜெபசிங் வெறியோடு உட்கார்ந்தார். எங்க வேணும்னாலும் என்று குருவே சொல்லியாயிற்று. ஆளைப் பிடிக்க முடியுமா? ஃபோல்டருக்கு ஜெபசிங் என்று பெயர். கோப்புகளுக்கு ஜெபசிங். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஜெபசிங். முகப்புத் திரையில் பெரிய எழுத்தில், 'ஜெபசிங் உங்களை வரவேற்கிறது.'

தன் கணினியில் நிறுவிப் பார்த்தார். பிரமாதமாக வந்தது.

பக்கத்து மேசை ரிஸ்வானா தன் கணினியில் அதே வரியைத் தட்டினாள்.

"அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்குது, சார்."

ஜெபசிங் குருவிடம் ஓடினார். "என்கிட்ட வேலை செய்யுது, மேடம்."

"எங்கேருந்து நிறுவுனீங்க?"

"என் ஃபோல்டர்லேருந்து."

"விருந்தாளிய உள்ள வாங்கன்னு சொல்லிட்டு, வீட்டுச் சாவிய நீங்களே பையில வச்சுக்கிட்டா?"

ஜெபசிங் தன் ஃபோல்டர் இருக்கும் இடத்தை மட்டும் கணினிக்குக் காட்டியிருந்தார். பொட்டலமாகக் கட்டவே இல்லை. திரும்பி வந்து கட்டினார். முதல் தடவை ஒரு கோப்பு விட்டுப்போனது. மறுபடி கட்டினார். பழையதை நீக்கி, புதியதை நிறுவி, அதையும் நீக்கி, அவர் தட்டிய தட்டில் விசைப்பலகைக்குக் காய்ச்சலே வந்திருக்கும். கடைசியில் ரிஸ்வானாவின் கணினியிலும் இறங்கியது.

ரிஸ்வானா அதை வைத்தே ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் திரை செய்தாள். காத்திருக்கும் நோயாளிகளை வரிசைப்படி கூப்பிடும் திரை. மாதிரி காட்டக் கொண்டுபோனவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் ஜெபசிங்.

"யாருங்க இந்த ஜெபசிங், புது டாக்டரான்னு கேட்டாங்க, சார். ரெண்டு நோயாளிங்க அவர்கிட்டதான் காட்டணும்னு எந்திரிச்சுத் தேடவே போயிட்டாங்க."

"முகப்புல மாத்தியிருக்கலாமே."

"மாத்துனேன். அடுத்த பக்கத்துல வந்தீங்க. அங்க மாத்துனேன். டோக்கன் சீட்டுல வந்தீங்க." அவள் பையைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க. நான் கையாலேயே முதல்லேருந்து செஞ்சுக்கிடுதேன்."

ஜெபசிங்குக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. நேரே குருவிடம் போனார்.

"எங்க வேணும்னாலும் போடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இப்பவும் அதத்தான் சொல்லுதேன்" என்று செண்பகவல்லி தன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

ஜெபசிங் திரும்பி நடந்தார். போய் உட்கார்ந்து தன் பெயரைத் தேடித் தேடி அழித்தார். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் பழைய கம்பெனியின் அந்தச் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் விடவில்லை. டைல்ஸ் கடையில் போய் உட்காருவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தார். தன் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் 'பெயர்' என்று எழுதினார்.

நிறுவி ஓட்டினார். 'பெயர் உங்களை வரவேற்கிறது' என்றது திரை. இவ்வளவு ஓட்டம் ஓடியும் இதுதானா என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டெம்ப்ளேட்டுக்கென்று ஒரு சின்ன அமைப்புக் கோப்பு உண்டு. ஜெபசிங் அன்றைக்குத்தான் அதை வரிவரியாகப் படித்தார். அதில் ஒரு வரியைக் காலியாகவே விட்டிருந்தார். எந்தச் சொல் இருக்கும் இடத்திலெல்லாம், புது ப்ராஜெக்டுக்குக் கொடுக்கும் பெயர் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லும் வரி அது.

அந்த வரியில் 'பெயர்' என்று நிரப்பினார். கட்டினார், நிறுவினார், அந்தக் கண் ஆஸ்பத்திரியின் பெயரான 'கண்மணி'யைக் கொடுத்து ஒரு ப்ராஜெக்ட் உண்டாக்கினார்.

'கண்மணி உங்களை வரவேற்கிறது.'

ஜெபசிங் மேசையைத் தட்டினார். அடுத்த பக்கம், ரிஸ்வானாவிடம் வாங்கி டெம்ப்ளேட்டில் சேர்த்திருந்த டோக்கன் படிவம்; அதில் 'நோயாளியின் பெயர்' என்று இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

'நோயாளியின் கண்மணி.' அதற்குக் கீழே, 'மருத்துவரின் கண்மணி.'

ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த முறை ஜெபசிங் ஓடவில்லை. மெதுவாகத்தான் நடந்து போனார். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

"மேடம், ஒரு சொல்லு வேணும்."

"என்ன சொல்லு?"

"வேற எங்கயும் வராத சொல்லு. நிரல்ல வரக்கூடாது, படிவத்துல வரக்கூடாது. அது இருந்தா, புதுப் பேரு வர்றதுக்கு மட்டும்தான் இருக்கணும். அந்தப் பேரு வந்ததும் போயிடணும்."

செண்பகவல்லி முதல் முறையாகத் தன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார். 

எந்த நிரலிலும், எந்தப் படிவத்திலும் தானாக வராத சொல் ஒன்று தன்னிடமே இருப்பது ஜெபசிங்குக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு தன் இடத்துக்கு வந்தார். அழித்ததையெல்லாம் மறுபடி எழுத ஆரம்பித்தார். ஃபோல்டருக்கு ஜெபசிங். கோப்புகளுக்கு ஜெபசிங். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஜெபசிங். ஓர் இடம்கூட விடவில்லை.

"சார், திரும்பவுமா?" என்றாள் ரிஸ்வானா.

"பொறும்மா."

கடைசியில் அமைப்புக் கோப்பைத் திறந்தார். அந்த ஒரு வரியில் 'ஜெபசிங்' என்று நிரப்பினார். விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு சேமித்தார்.

"இப்ப நிறுவிப் பாரு."

ரிஸ்வானா அரைமனதாக நிறுவினாள். 'கண்மணி' என்று பெயர் கொடுத்தாள். முகப்பைப் பார்த்தாள், அடுத்த பக்கத்தைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். சந்தேகம் தீராமல் மொத்த ப்ராஜெக்டிலும் 'ஜெபசிங்' என்று தேடினாள்.

எதுவும் கிடைக்கவில்லை என்றது கணினி.

"நீங்க எங்கயுமே இல்ல, சார்."

"நல்லாப் பாத்தியா?"

"எங்கயுமே இல்ல."

மறுநாள் அதைத்தான் அவள் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஜெபசிங் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல, சார். திரையில அவங்க ஆஸ்பத்திரி பேரு வந்துது. பாத்தாங்க. நாளைக்கே மாட்டிருங்கன்னுட்டாங்க."

"யாரு செஞ்சதுன்னு?"

"கேக்கல."

"ஒண்ணுமே கேக்கலியா?"

"ஒண்ணுமே கேக்கல."

ஜெபசிங் சத்தமாகச் சிரித்தார். உள்ளே செண்பகவல்லியின் விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நின்றது.

அவர் போனை எடுத்தார்.

"மச்சான், கடைக்கு வேற ஆளப் பாரு."