கீறல் விழாத இரும்பு

கோயம்புத்தூர்ப் பக்கம் மில் முதலாளி சென்னியப்பனுக்குக் கைக்கு அடக்கமாக ஒரு எஞ்சின் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விருந்தில் ஓட்டிக் காட்டணுமாம். அதற்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கடைய வேண்டியவள் அவர் மில் பட்டறையில் லேத் ஓட்டும் ருக்மணி. பதமாகக் கடைய வரும் இரும்பாகப் பார்த்து எடுத்துவைத்தாள். முதலாளி அதை அரத்தால் ஒரு தேய் தேய்த்தார். கோடு விழுந்தது.

"இந்த மட்டமான இரும்பா என் எஞ்சினுக்கு? எதுவும் கீறவே முடியாத இரும்புல செய். முடியலேன்னா வேற வேலை தேடிக்க."

பட்டறையையே புரட்டி, அரம் வழுக்கி ஓடிய துண்டு ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

விருந்தன்று ருக்மணி அதே துண்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தாள்.

"கிராங்க் எங்கே?"

"இதுக்குள்ளதானுங்க இருக்குது. நீங்க சொன்னபடியே எந்த டூலும் கீறலீங்க. சுத்தியிருக்கறதை மட்டும் நீங்க எடுத்துட்டா, உடனே மாட்டிடலாமுங்க."

விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி அரத்தை வாங்கித் தேய்த்தார். பாயசம் வரும்வரை தேய்த்தார். அரம்தான் மழுங்கியது. கடைசியில் அவள் பக்கம் குனிந்து, "அந்த மட்டமான இரும்பு இன்னும் கிடக்குதா?" என்றார்.

"இல்லீங்க" என்று ருக்மணி தோளில் தொங்கிய சோற்றுப்பையைத் திறந்து கிராங்கை எடுத்தாள். "அதை அன்னைக்கே கடைஞ்சு முடிச்சுட்டேனுங்க."